குட்டியின் காதைப் பார்க்குமுன் தேதியைக் கேளுங்கள்

சில ஆண்டுகளாக நாட்டு நாய்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தபால் துறை இராஜபாளையம் நாயின் படம் போட்ட தபால்தலையை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நாய் வளர்க்க விரும்புவோர் நம் நாட்டு இனங்களை வளர்க்கலாம் என்றார். அழிந்துபோகும் என்று கைவிடப்பட்ட இனங்களுக்கு இது நல்ல காலம்தான். ஆனால் குட்டியின் விலை ஏறிய அளவுக்கு, குட்டி விற்கும் முறையும் வாங்கும் முறையும் திருந்தவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

முகவை மாவட்டத்தில் நாய் இல்லாமல் பாதிப் பிழைப்பு நடக்காது. ஆட்டுக்கிடைக்குக் காவல் அதுவே. கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதும் அதுவே. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இரவுக் காவலுக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைச் சீமை வரை போய்க் கிடை போடும் கீதாரிகளுக்கு நாய் குடும்பத்தில் ஒன்று. தலை பெருத்த மண்டை நாய் இம்மாவட்டத்தின் பெயரையே தாங்கியது. கரையோரத்து மீனவர் குடியிருப்புகளிலும் வலையும் சாமானும் கிடக்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். ஆகவே இங்கே நாய்க்குட்டி வாங்குவதைப் பட்டணத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆடு வாங்குவது போல, கன்று வாங்குவது போல, இதுவும் பண்ணைக் காரியமே.

ஆடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற விவசாயி, நாய்க்குட்டி வாங்கும்போது எதைப் பார்க்கிறார்? காதைத் தூக்கிப் பார்க்கிறார். நெஞ்சு அகலத்தை அளக்கிறார். இராஜபாளையம் என்றால் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். சிலர் நகங்களை எண்ணுகிறார்கள். குட்டி துள்ளி ஓடுகிறது, கையை நக்குகிறது, வயிறு நிறையப் பால் குடித்திருக்கிறது. பணம் கைமாறுகிறது. ஒரு அட்டைப் பெட்டியிலோ, கூடையிலோ வைத்து பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவருகிறார். பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், "ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்ணே" என்பதே பதில். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நாலாவது நாள் குட்டி தீனியைத் தொடாது. மூலையில் சுருண்டு படுக்கும். பிறகு வாந்தி. மறுநாள் ரத்தமும் சளியும் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். வாங்கியவர் விற்றவருக்குப் போன் செய்கிறார்: நோய்க் குட்டியைத் தலையில் கட்டிவிட்டாய் என்கிறார். விற்றவர் திருப்பிக் கேட்கிறார்: "நீங்க தூக்கிட்டுப் போறப்ப துள்ளிக்கிட்டுத்தானே இருந்துச்சு?" இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி.

இதன் பெயர் பார்வோ. ஊரில் ரத்தக் கழிச்சல், ரத்தபேதி என்று சொல்வார்கள். எல்லா ரத்தக் கழிச்சலும் பார்வோ அல்ல. குடற்புழுவாலும் வரும், கெட்டுப்போன தீனியாலும் வரும். ஆயினும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, ஊசி போடாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் கிடந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மனிதருக்கோ ஆடு மாடு கோழிகளுக்கோ இது தொற்றாது. பூனைக்குத் தொற்ற இடமுண்டு.

நம் தாத்தா காலத்தில் இப்படி ஒரு நோய் கிடையாது. 1978-இல்தான் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடித்துக் கிளம்பிற்று. பூனைகளுக்கு வரும் ஒரு கழிச்சல் நோயின் வைரஸோ, அதற்கு நெருங்கிய உறவுள்ள வேறொன்றோ உருமாறி நாய்க்குத் தாவியது என்பது விஞ்ஞானிகளின் முடிவு. உலகில் எந்த நாய்க்கும் அப்போது எதிர்ப்புச் சக்தி இல்லாததால் வளர்ந்த நாய்களும் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மைக்கேல், ஆப்பெல் ஆகிய இருவரும் சில ஆண்டுகளுக்குள் தடுப்பூசி கண்டார்கள். இந்தியாவில் 1980-களின் தொடக்கத்திலேயே நோய் பதிவாகிவிட்டது. முதல் பதிவுகள் சென்னையிலிருந்து வந்தவை. அதற்குப் பின் வைரஸ் சிற்சில மாறுதல்கள் அடைந்திருந்தாலும், இப்போதுள்ள ஊசிகள் அவற்றுக்கும் காப்பளிக்கின்றன.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. "நாட்டு நாய்க்கு எதற்கு ஊசி? அது வெயிலிலும் மழையிலும் கிடந்து பழகிய உடம்பு" என்று சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் பழக நாட்டு நாய்க்குப் பல நூறு ஆண்டுகள் கிடைத்தன. 1978-இல் பிறந்த நோய்க்குப் பழக அதற்கு ஏது அவகாசம்? மேல்நாட்டு இனங்களில் ராட்வைலர், டாபர்மேன் போன்றவை இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன என்பது உண்மை. அதனால் சிப்பிப்பாறை தப்பிவிடும் என்று கணக்குப் போடுவது தவறு. தெருவில் பத்துக் குட்டி பிறந்து இரண்டு பிழைக்கிறதே, அந்த இரண்டைப் பார்த்துத்தான் நாட்டு நாய் கெட்டி என்கிறோம். மற்ற எட்டை யார் எண்ணினார்கள்?

வைரஸ் வாய் வழியாகப் போகிறது. நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளிவருகிறது. அதை மிதித்த கால், செருப்பு, சைக்கிள் டயர், சாக்கு, தீனித் தட்டு, குட்டியைத் தூக்கிய கை எல்லாமே அதைச் சுமக்கும். உள்ளே போனதும் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிப் பிடிக்கிறது. குடலின் உட்சுவர் உரிந்துபோகிறது. எலும்பு மஜ்ஜை தாக்கப்பட்டு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. சுவர் போன குடல் வழியே மற்றக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. எதிர்த்து நிற்க வெள்ளை அணு இல்லை. குட்டி இப்படித்தான் சாகிறது.

தொற்றிய நாளிலிருந்து நோய் வெளியே தெரிய, பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும்; அரிதாக 14 நாள் வரை போகும். நோய் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மலத்தில் வைரஸ் வர ஆரம்பித்துவிடும். ஆகவே வாங்கும் நாளன்று குட்டி துள்ளுவது எதற்கும் சாட்சியாகாது. துள்ளும் குட்டி, நல்ல குட்டியாகவும் இருக்கலாம், மூன்றாம் நாள் படுக்கப்போகும் குட்டியாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால், காதையும் மூக்கையும் பார்ப்பதை விட்டுத் தேதியையும் தாயையும் கேட்கத் தோன்றும்.

சீம்பாலைப் பற்றி மாடு வளர்ப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. கன்று போட்ட முதல் நாள் சீம்பால் குடிக்காத கன்று தேறாது. நாயிலும் அதே கதைதான். ஊசி போட்டுக்கொண்ட தாயின் சீம்பாலில் பார்வோவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது குட்டியின் ரத்தத்தில் ஏறுகிறது. ஆனால் அது கடன் வாங்கிய சொத்து. ஏறக்குறைய பத்து நாளைக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே வரும். சில குட்டிக்கு 6 வாரத்தில் தீர்ந்துவிடும். சிலவற்றுக்கு 12 வாரம், இன்னும் சிலவற்றுக்கு 16 வாரம் வரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு.

இதிலுள்ள சங்கடம் என்னவென்றால், தாய் கொடுத்த சக்தி போதிய அளவு இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. ஊசியிலுள்ள பலமிழந்த வைரஸை அதுவே அழித்துவிடும். அது இன்னும் கரையும்போது ஒரு கட்டம் வருகிறது: ஊசியை முறியடிக்கும் அளவுக்குச் சக்தி இருக்கும், நோயை முறியடிக்கும் அளவுக்கு இருக்காது. இந்த இடைவெளியில்தான் குட்டிகள் மாட்டிக்கொள்கின்றன. இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் முடியும்வரை போடச் சொல்கிறார்கள். ஒரு வயதில் மறுபடி ஒன்று. பிறகு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்வார்.

"ஊசி போட்டாச்சு" என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஆகவே மதிப்பில்லை. எந்த ஊசி, எந்தத் தேதி, எத்தனையாவது? வெறிநாய்க்கடி தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டுவிட்டு எல்லா நோய்க்கும் போட்டதாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர். அது கட்டாயம் போட வேண்டிய ஊசி. ஆனால் பார்வோவுக்கு அது ஊசி அல்ல. ஆட்டுக்கொல்லி ஊசி போட்ட ஆட்டுக்கு அம்மை வராது என்று எந்தக் கீதாரியாவது சொல்வாரா?

இனி, விற்பவர் வீட்டு வாசலில் கேட்க வேண்டியவை. முதலில் பிறந்த தேதி. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தீனி முறை, ஊசி போட்ட தேதி, பூச்சிமருந்து கொடுத்த தேதி, கவனித்த கால்நடை மருத்துவரின் பெயர் முகவரி எல்லாவற்றையும் வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் அவ்விதிகளில் உண்டு. கிராமத்து விற்பனையில் இதை நினைப்பவர் அருமை. "சின்னதிலேயே கொண்டுபோனால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று 30 நாள் குட்டியைக் கேட்டு வாங்குபவர்களும் குற்றத்தில் பங்காளிகளே. எட்டு வாரத்துக் குட்டியும் ஒட்டும். உயிரோடு இருந்து ஒட்டும்.

அடுத்தது தாய். தகப்பன் எந்தப் போட்டியில் பரிசு வாங்கிற்று என்று கேட்பதைவிட, தாயின் ஊசி அட்டையைக் கேட்பது பயன் தரும். தாய்க்கு இனச்சேர்க்கைக்கு முன்பே ஊசி முறையாகப் போட்டிருந்தால் குட்டிகளின் முதல் வாரங்கள் பத்திரம். தாயையே காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி அங்கே பிறந்ததுதானா என்று சந்தேகப்படலாம். நாலு இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் போட்டு விற்கும் இடம் எதுவானாலும் விலகிப்போவதே நல்லது. நாலு வீட்டு நோயும் அந்தக் கூண்டில் கூடுகிறது. கடந்த ஆறு மாதத்தில் இங்கே ஏதாவது குட்டி கழிச்சலில் செத்ததா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். நாணயமானவர் சொல்வார்.

மூன்றாவது அட்டை. ஊசிப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிய்த்து அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, மருத்துவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கடையில் மருந்தை வாங்கி வந்து தாமே குத்திக்கொள்ளும் வழக்கம் சில வளர்ப்பாளரிடம் உண்டு. பணம் மிச்சம்தான். ஆனால் இந்த மருந்து உயிருள்ள மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். முகவைச் சித்திரை வெயிலில், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்த மருந்தைக் குத்தினால் குட்டிக்கு வலி ஒன்றுதான் மிச்சம். மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பத் தெரிந்த கரையோரத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐஸ் நேராகப் புட்டியில் படாமல் துணியோ காகிதமோ இடையில் வைக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் செய்தி. தூளையும் நீரையும் கலந்த பிறகு வைத்திருந்து போடுவதும் கூடாது.

குட்டி வீடு வந்து சேர்ந்ததும் இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும். வீட்டில் வேறு குட்டி இருந்தால் தட்டு, சாக்கு எல்லாம் தனி. கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. மீன் ஏலம் போடும் இடத்திலும் கருவாட்டுக் களத்திலும் ஊர் நாய்களெல்லாம் கூடுகின்றன. அங்கே குட்டியை அழைத்துப் போவது நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

சுத்தம் செய்வதில் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. பினாயில், சோப்பு, டெட்டால், சாணி, மஞ்சள் நீர் எதற்கும் இந்த வைரஸ் மசியாது. அதற்குக் கொழுப்பாலான மேலுறை கிடையாது, கரைக்க ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள பொருளில் கேட்பது பிளீச்சிங் பவுடர் ஒன்றே. கிணற்றில் போட வைத்திருக்கும் அதே பவுடர், காரம் போகாததாகப் பார்த்து, லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். முதலில் மலத்தையும் அழுக்கையும் கழுவி அகற்றிவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பவுடரின் பலம் அழுக்கோடு போய்விடும். பினாயிலோடோ ஆசிட்டோடோ கலக்கவே கூடாது. சிமெண்டுத் தரைக்கு இது சரி. மணல் முற்றத்தை என்ன செய்வது? மேல் மண்ணை ஒரு சாண் வாரி எடுத்துக் குழியில் புதைத்துவிட்டு, வெயில் நன்றாகப் பட விடுவதைத் தவிர வேறு வழியில்லை. நம் வெயில் இந்த ஒரு விஷயத்தில் உதவி. திறந்த மண்ணில் காய்ந்து வைரஸ் பலமிழக்கும். தென்னை நிழலில், ஈரச் சாக்கில், கூண்டுக்கடியில் மாதக்கணக்கில், சமயத்தில் ஓர் ஆண்டுகூடத் தங்கும்.

ஒரு குட்டி செத்த வீட்டில் குழந்தைகள் அழுகிறார்கள் என்று மறுவாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதுவும் போகிறது. ஊசிகள் முழுவதும் முடிந்த வளர்ந்த நாயை அத்தகைய வீட்டுக்குக் கொண்டுவரலாம். குட்டிதான் வேண்டுமென்றால் ஓர் ஆண்டு பொறுக்க வேண்டும்.

நோய் வந்துவிட்டால் கஷாயம், தேங்காய்த் தண்ணீர், பால் என்று வாயில் ஊற்றுவது கூடாது. வாந்தி எடுக்கும் குட்டிக்கு ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். குட்டியைக் கொல்வது நீரிழப்பு. நரம்பில் சலைன் ஏற்றுவதே முதல் மருந்து. மூன்று முதல் ஐந்து நாள் ஏற்ற வேண்டியிருக்கும். வைரஸை நேரே கொல்ல நம் கைக்கு எட்டிய மருந்து இல்லை. மற்றக் கிருமிகளுக்கும் வாந்திக்கும் மருந்து கொடுத்துக் குட்டியைத் தாங்கிப் பிடித்தால் குடல் தானே ஆறிக்கொள்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பதுகூடச் சாகும். முதல் நாளே கொண்டுபோய் முறையாகக் கவனித்தால் பத்தில் எட்டு ஒன்பது பிழைக்கக்கூடும். வாந்தி கண்ட அன்றே கிளம்புவதற்கும், ரத்தம் கண்ட பிறகு கிளம்புவதற்கும் இவ்வளவு வித்தியாசம். ஆஸ்பத்திரியில் மற்றக் குட்டிகளோடு வரிசையில் உட்காராமல், முன்கூட்டியே நோயைச் சொல்லிவிடுவது முறை.

நிற்க. விற்றவர், வாங்கியவர் வழக்குக்கு வருவோம். நாட்கணக்கு இதில் ஓரளவு நீதி சொல்லும். வாங்கிய மூன்று நாளுக்குள் நோய் தெரிந்தால், தொற்று விற்றவர் இடத்திலிருந்தே வந்தது என்று கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தால் வாங்கியவர் வீட்டிலோ தெருவிலோ வந்தது. இடைப்பட்ட நாட்களில் வந்ததற்கு யார் பொறுப்பு என்று எந்தப் பஞ்சாயத்தாலும் சொல்ல முடியாது. பாதிப் பாதி ஏற்பதே நியாயம். இதைக் குட்டியைத் தூக்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மாட்டு வியாபாரத்தில் சுழி சொல்லி விற்கும் ஊரில் இது புது வழக்கமல்ல. முதல் ஊசிச் செலவை விற்பவர் ஏற்க வேண்டும், மீதி ஊசிகளை வாங்கியவர் தவறாமல் போட வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்கலாம். குட்டிக்குக் கொடுக்கும் விலையில் ஊசிச் செலவு சிறு பங்குதான். ஐந்து நாள் சலைன் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் இன்னும் சிறிது.

சீட்டில் இருவர் போன் எண்ணும் இருக்கட்டும். இன்று நடப்பது என்ன? குட்டி படுத்ததும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு பேச்சை முறித்துக்கொள்கிறார்கள். பெயர் கெட்டுவிடும் என்று விற்றவர் வாய் திறப்பதில்லை. ஆனால் அதே ஈற்றில் பிறந்த இன்னும் நாலைந்து குட்டிகள் பாம்பனுக்கும், பரமக்குடிக்கும், தொண்டிக்கும் போயிருக்கின்றன. முதல் குட்டி படுத்த அன்றே விற்றவருக்குச் செய்தி போனால், அவர் அன்றே மற்ற வீடுகளுக்குச் சொல்லலாம். அவர்கள் குட்டியை வெளியே விடாமல் வைத்து, முதல் வாந்தியிலேயே மருத்துவரிடம் ஓட முடியும். மலத்தைச் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லும் பட்டைகள் இப்போது வந்துவிட்டன. ஒரு போன் செலவில் இரண்டு குட்டியாவது மிஞ்சும். விற்றவர் தம் கூண்டைக் கழுவி, அடுத்த ஈற்றுக்கு வேறு இடம் பார்க்கவும் அந்த ஒரு வாரம் போதும்.